எட்டாம் நாள் கோதுமை

விருத்தாசலத்தில் போய் ஒரு பிள்ளைக்குக் கோதுமை ஆகாது என்று சொல்லிப் பாருங்கள், யாரும் பதற மாட்டார்கள். "அவ்ளோதானே? சோத்தப் போடுங்க" என்பார்கள். சப்பாத்தி என்பது சர்க்கரை வியாதிக்காரர்கள் ராத்திரியில் தின்பது, பிள்ளைக்கு அது எதற்கு என்பது ஊரின் தீர்ப்பு. தீர்ப்புச் சொன்ன அதே ஆள் அடுத்த நிமிடமே பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து "இந்தா கண்ணு" என்று நீட்டுவார். பிஸ்கட்டும் கோதுமைதான் என்பது அவருக்கு உறைக்காது. ரவை, சேமியா, புரோட்டா, டீக்கடை கேக்கு, அவ்வளவு ஏன், கடைப் பெருங்காயத்தூளில்கூட மாவு கலந்திருக்கிறது என்று கயல்விழி இரண்டு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் மகள் இனியாவுக்கு ஏழு வயது. ஐந்து வயதில் வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாகி, வகுப்பிலேயே குட்டையான பிள்ளையாக நின்றபோது புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், குடலிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்துப் பார்த்தார், பிறகு சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இந்தப் பிள்ளையின் உடம்பு தன் குடலையே தாக்கிப் புண்ணாக்கிவிடும். இதற்கு மருந்து இல்லை. கோதுமையை அடியோடு விட்டால் குடல் தானே ஆறிவிடும், ஒரு சிட்டிகை போனாலும் மறுபடி புண்ணாகும்.

"வடக்கே இந்தக் கேஸு நிறைய வரும். இங்க அபூர்வம். அதனால யாரும் நம்ப மாட்டாங்க. நீங்கதான் காவல்" என்றார் டாக்டரம்மா.

கயல்விழி அப்படித்தான் காவல் காத்தாள். வீட்டுக்குள் கோதுமை வரக்கூடாது என்று சட்டம் போட்டாள். கணவன் பழமலைநாதன் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் செய்கிற இடம். அவன் கேன்டீனில் புரோட்டா தின்ற கையோடு வந்தால் வாசல் குழாயிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மகளைத் தூக்க வேண்டும். அவனும் முனகாமல் கழுவினான். பிள்ளை எடை ஏறியது, கன்னம் வைத்தது. பத்துக்குள் இருக்கவேண்டிய ரத்த எண் இருநூற்றுச் சொச்சத்திலிருந்து இறங்கி, இரண்டாம் வருட முடிவில் பன்னிரண்டுக்கு வந்தது. டாக்டரம்மா கைகொடுத்துப் பாராட்டினார்.

இந்தப் பாராட்டில் பாதி ஆதிலட்சுமிக்குப் போக வேண்டும். அடுத்த தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள், கயல்விழியை விடப் பத்து வயது மூத்தவள், புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். கயல்விழி மங்கலம்பேட்டை ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்துவிட்டு வீடு திரும்ப ஆறு ஆகிவிடும். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரமும் இனியா ஆதிலட்சுமி வீட்டில்தான். அவளைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள். என்னென்ன கூடாது என்று கயல்விழி எழுதிக் கொடுத்த தாளை ஆதிலட்சுமி தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தாள். டீயில் பொறை ரொட்டியைத் தொட்டுத் தின்கிற பழக்கத்தையே பிள்ளைக்காக விட்டுவிட்டவள் அவள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்த மறுவாரம் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. வகுப்பில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், இனியாவுக்கு மட்டும் ஒரு வாழைப்பழம். டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். இனியா அதைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பழம் பையில் நசுங்கிப் போயிருந்தது.

"நான் அரிசி மாவுல பிஸ்கட்டு செஞ்சு தரேன்டா" என்றாள் கயல்விழி.

"அது மண்ணு மாதிரி இருக்குதும்மா. நெஜ பிஸ்கட்டு வாசனையே வராது."

அழுதிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். பிள்ளை அழவில்லை. சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் கயல்விழிக்குப் பரண்மேல் இருக்கும் கறுப்பு அட்டைப் புத்தகத்தின் நினைப்பு வந்தது.

அது அவளுடைய எம்.ஃபில். ஆய்வேடு. சிதம்பரத்தில் தங்கி ஒன்றரை வருடம் செய்தது. முளைக்கும் கோதுமையில் புரதத்தை அறுக்கும் என்சைம்கள் பற்றியது. இந்த ஊரில் அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் "கோதும மொளைக்கிறத உட்காந்து பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டுச் சிரித்தார். பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தும் கல்யாணம், பிரசவம், பிள்ளையின் நோய் என்று வரிசையாக வந்ததில் அது தவறிப்போயிற்று. கல்லூரியில் ஒன்பது வருடமாக முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படித்தது எதற்குமே உதவவில்லை என்ற ஆத்திரம் அவளுக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். ஒரு கோதுமை மணிக்குள் முளை வேறு, அதன் சாப்பாடு வேறு. சாப்பாடு மாவுச்சத்தாகவும் புரதமாகவும் கெட்டியாக அடைத்து வைத்திருக்கும். புரதத்தை அப்படியே தின்ன முளைக்கு வாய் கிடையாது. அதனால் விதை ஈரம் குடித்ததும் தவிட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஏடு விழித்துக்கொண்டு என்சைம்களைச் சுரக்கும். அவை நீள நீளமான புரத இழைகளைத் துண்டு துண்டாக அறுத்து முளைக்கு ஊட்டும். அறுபடும் இழைகளில் பெரும்பங்கு குளூட்டன்தான்.

தன் மகளைக் கொல்லும் அந்தப் புரதத்தைக் கோதுமையே அறுத்துப் போடும் என்றால், அறுத்து முடிக்கும் வரை காத்திருந்து, அந்தக் கோதுமையில் பிஸ்கட் செய்தால் என்ன? இந்த எண்ணம் வந்ததும் கயல்விழிக்குத் தூக்கம் போயிற்று. உண்மையைச் சொல்வதென்றால், பாதி அது மகளுக்காக, பாதி தனக்காக.

ஆய்வேட்டை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தாள். குளூட்டனின் அளவு நாளுக்கு நாள் சரியும் கோடு ஒன்று அதில் இருந்தது. எட்டாம் நாள் அது அடிக்கோட்டுக்கு மிக அருகில் வந்து படுத்திருந்தது. தொடவில்லை. தொடவில்லை என்பதை அவள் பார்க்கத்தான் செய்தாள். மீதியைப் புளிப்பு பார்த்துக்கொள்ளும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இந்த என்சைம்கள் புளிப்பில் இன்னும் நன்றாக வேலை செய்யும். மாவைப் புளித்த மோரில் ஒரு நாள் ஊறவைத்தால் முடிந்தது.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. தொட்டி வழிந்தாலொழியப் பழமலை அங்கே ஏற மாட்டான். கம்பெனியில் கழித்துப் போட்ட பீங்கான் தட்டுகளை அவன் முன்பு செடி வைக்கக் கொண்டுவந்திருந்தான். அவற்றில் ஈரத்துணி விரித்து, ஊறிய கோதுமையைப் பரப்பினாள். காலையிலும் மாலையிலும் அலசினாள். மூன்றாம் நாள் வேர் விட்டது, ஐந்தாம் நாள் முளை விரல் நீளத்துக்கு நின்றது, எட்டாம் நாள் வேரெல்லாம் பின்னிப் பாய் போலக் கிடந்தது. சூடு பட்டால் என்சைம் செத்துவிடும் என்று நிழலிலேயே உலர்த்தி, வேரையும் முளையையும் தேய்த்து உதிர்த்து, மிக்ஸியில் அரைத்தாள். மில்லுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே வேறு ஆளுடைய கோதுமை கலந்துவிடுமாம்! கோதுமையில் கோதுமை கலக்காமல் பார்த்துக்கொண்ட அந்தக் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது?

சோதனையும் செய்தாள். சாதாரணக் கோதுமை மாவை உருட்டிக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் மாவெல்லாம் கரைந்தோடிக் கடைசியில் கையில் ரப்பர் போல ஒரு உருண்டை நிற்கும். அதுதான் குளூட்டன். தன் மாவையும் அப்படிக் கழுவினாள். வெள்ளைத் தண்ணீர் ஓடியது, ஓடி முடிந்தது, உள்ளங்கையில் தவிடு தவிர ஒன்றுமே இல்லை. கயல்விழி குழாயை மூடாமல் அந்த வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

அன்று சாயந்திரம் பழமலை அடுப்படிக்கு வந்தவன் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு கிள்ளு கிள்ளி, தொழில் புத்தியில் அதைக் கயிறாகத் திரித்து விரலில் சுற்றிப் பார்த்தான். நல்ல களிமண் சுற்றினால் வளையும், ஒட்டில்லாத மண் உடனே வெடிக்கும். மாவு வெடித்து உதிர்ந்தது.

"என்னா மாவு இது? ஒட்டே இல்லையே."

"சோளம்" என்றாள் கயல்விழி. பொய் சொல்கிறோமே என்று இருந்தது. அதைவிட, அவன் வாயாலேயே ஒட்டில்லை என்று வந்துவிட்டதே என்ற சந்தோஷம்தான் அதிகம் இருந்தது.

குக்கரில் மணல் போட்டுச் சூடேற்றிப் பிஸ்கட் சுட்டாள். நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் கோதுமையும் சேர்ந்து வந்த வாசனையில் இனியா ஓடிவந்தாள்.

"அம்மா, இது நெஜ பிஸ்கட்டும்மா!"

"நெஜந்தான். கோதுமையில இருக்கற கெட்டதை எல்லாம் அம்மா எடுத்துட்டேன். ஆனா அப்பாகிட்டயும் பெரிம்மாகிட்டயும் இப்ப சொல்லாத. பெரிய லீவு முடிஞ்சு டாக்டரம்மா ரத்தம் பாப்பாங்கல்ல, அதுல நல்லா வந்ததும் நாம ரெண்டு பேருமா சொல்லலாம். சரியா?"

இனியா தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அன்று முதல் புதன்கிழமையும் சனிக்கிழமையும் பிஸ்கட் நாள். பழமலை ஷிப்ட் முடிந்து வருவதற்குள் சுட்டு, தின்று, பாத்திரம் கழுவியாகிவிடும். முதல் வாரம் இரண்டு பிஸ்கட், பிறகு மூன்று, பிறகு நாலு. மாவு தட்டும்போது கயல்விழியின் வாய் தன்னால் ஏதோ ஒரு பழைய பாட்டை முனகும். கல்லூரி விடுதியில் பாடியது. அடுப்படி வாசலில் இனியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பாள். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று.

ஜூன் மாதம் புதுச்சேரிக்குப் போனார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தபோது, டாக்டரம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கயல்விழி மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தாள். ஆய்வேட்டைக்கூடப் பையில் எடுத்து வந்திருந்தாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு. ஆறு மாசமா எடையும் ஏறல. எங்கேயோ கோதுமை போகுது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, விடாம போகுது. யார் குடுக்கறாங்க?"

"வூட்டுல எதுவும் இல்லீங்க மேடம்" என்றான் பழமலை. "கயலு பெருங்காயத்தக்கூட வுட்டுட்டா. ஸ்கூல்லதான்... இல்லன்னா சாயங்காலம் ஒரு அக்கா வூட்டுல இருப்பா."

"அங்க விசாரிங்க. இப்படியே போனா மறுபடி குடல் சோதனை பண்ண வேண்டி வரும். வளர்ற வயசு."

கயல்விழி வாயைத் திறந்தாள். இனியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. அவள் சொல்லவில்லை. பையை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழமலை நேரே ஆதிலட்சுமி வீட்டுக்கு நடந்தான். கயல்விழி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, புள்ளைக்கி என்னாத்த குடுக்கறீங்க?"

ஆதிலட்சுமி மெஷினை நிறுத்தினாள். "என்னாத்த குடுத்தேன்? அவிச்ச வேர்க்கல்லையும் பழமும். தோ, தாளு ஒட்டியிருக்குது பாருங்க தம்பி."

"தாளு ஒட்டினா போதுமா? ரத்தத்துல ஏறியிருக்குது. புள்ள கேட்டுச்சுன்னு எரக்கப்பட்டு ஒரு பிஸ்கட்ட குடுத்திருப்பீங்க. அது வெஷம்க்கா அதுக்கு!"

"என் கண்ணு அவிஞ்சி போவும் தம்பி, நான் குடுத்திருந்தா."

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஆதிலட்சுமி கயல்விழியின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்க."

கயல்விழி சொன்னது இவ்வளவுதான்: "வாங்க, வூட்டுக்குப் போலாம். பேசிக்கலாம்." அதைக் கணவனிடம் சொன்னாள். ஆதிலட்சுமியைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் இனியாவை நாலு மணிக்கு அழைத்துப் போக வேறு ஏற்பாடு ஆயிற்று. பழமலை ஷிப்ட் மாற்றிக்கொண்டான். கயல்விழி மாடிக்குப் போய் மீதி மாவைச் சாக்கடையில் கொட்டினாள். ஏழு நாள் முளையோடு ஒரு தட்டு இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிஸ்கட்டை நிறுத்தியாயிற்று, ஆறு மாதத்தில் எண் தானாக இறங்கிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள். ஆதிலட்சுமி? அவளைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். இப்படி நினைக்கிற ஆள்தானா நான் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆய்வேட்டை மறுபடி திறந்தாள். அச்சுப்படி அல்ல, அதற்குள் செருகியிருந்த முதல் கைப்படி. அதில் "எட்டாம் நாளில் என்சைம்கள் குளூட்டனை அழிக்கின்றன" என்று அவள் எழுதியிருந்ததைப் பேராசிரியர் கோதண்டபாணி சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். 'அறுக்கின்றன என்று எழுதும்மா. அழிக்கின்றன என்று எழுதாதே. துண்டுகள் எங்கே போயின என்று நீ தேடவில்லை.'

குழாயடியில் அவள் கழுவிப் பார்த்தது நீளமான இழைகளை மட்டும்தான். இழை இருந்தால்தான் மாவு ஒட்டும். துண்டுகள் ஒட்டாது, தண்ணீரோடு வெள்ளையாய் ஓடிவிடும், கையில் நிற்காது. ஆனால் பிள்ளையின் குடலைப் புண்ணாக்க இழை தேவையில்லை, துண்டு போதும். விதை தன் முளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் அறுத்தது. அவளுடைய பிள்ளைக்காக அது ஏன் மெனக்கெட வேண்டும்? இருபத்து நாலு வயதில் தெரிந்திருந்தது முப்பத்தைந்து வயதில் தெரியாமல் போனது எப்படி? தெரிய வேண்டாம் என்று இருந்தாள், அதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆதிலட்சுமி வந்தாள். இரண்டு கையிலும் கட்டைப் பை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தரையில் வைத்தாள். உளுந்து, துவரம்பருப்பு, அரிசி, வேர்க்கடலை, மிளகாய்த்தூள், வெல்லம். அவளுடைய அடுப்படி முழுவதும் அங்கே வந்துவிட்டது.

"பாத்துக்குங்க தம்பி. தொறந்து பாருங்க. இதுல எதுல கோதும இருக்குதுன்னு சொல்லுங்க. இருந்தா நான் இந்தத் தெருவுலயே இருக்க மாட்டேன்."

பழமலைக்குச் சங்கடமாகிவிட்டது. "என்னாக்கா இது..."

"தெருவுல நாலு பேரு முன்னாடி கேட்டீங்க இல்ல? ஜாக்கெட்டு தைக்க குடுக்க வந்த பொண்ணு, 'புள்ளைக்கி வெஷம் வெச்சியாமே' ன்னு கேக்குது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கயல்விழியைப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் நான் மறைச்சேன் டீச்சர், அது தப்புதான். புள்ள வயித்தப் புடிச்சிகினு படுக்கும். வியாழக்கெழமைன்னா வலிக்கும். 'அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரிம்மா, அழுவாங்க' ன்னு என் கைய புடிச்சிகினு கெஞ்சுச்சு. ஸ்கூல்ல அன்னிக்கி ஓட வுடறாங்க போலன்னு நெனச்சி சீரகத் தண்ணி வெச்சி குடுத்தேன்."

வியாழக்கிழமை. புதன்கிழமைப் பிஸ்கட்டுக்கு மறுநாள் என்று கயல்விழிக்கு உறைத்தது.

பழமலை மகளைக் கூப்பிட்டான். இனியா கதவோரத்தில் நின்றிருந்தாள். "இங்க வா பாப்பா. அப்பா அடிக்க மாட்டேன். யாரு குடுத்தா? நெஜத்த சொல்லு."

இனியா டப்பாக்களைப் பார்த்தாள். ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"யாரும் குடுக்கலப்பா. ஸ்கூல்ல நானே திருடித் தின்னேன்."

"திருடியா? யாருது?"

"எல்லாரோடதும்."

ஏழு வயதுப் பிள்ளை தன் தலையில் திருட்டுப் பட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றது. பழமலையின் கை ஓங்கத் தொடங்கியதா, இல்லை நெற்றியைத் தேய்க்கத்தான் எழுந்ததா, தெரியாது. கயல்விழி அதற்குள் நடுவில் வந்து நின்றாள்.

"அவ திருடல. அக்காவும் குடுக்கல. நான்தான் குடுத்தேன்."

"என்னா சொல்ற?"

"சோளம்னு சொன்னேனே, அது கோதுமை. மாடியில மொளைக்க வெச்சேன். மொளைச்சா அந்தப் புரதம் அறுந்துடும்னு... அறுந்துச்சு. முழுசா போவல. அஞ்சு மாசமா நான்தான் குடுத்தேன்."

பழமலை அவளைத் திட்டவில்லை. மாடிக்கு ஏறிப்போனான். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பீங்கான் தட்டு இருந்தது. தண்ணீர் ஊற்றாமல் விட்டும் முளைகள் பச்சை கட்டி ஒரு சாண் உயரத்துக்கு நின்றன. அதைத் தரையில் டப்பாக்களுக்கு நடுவே வைத்துவிட்டு, "நீ டாக்டரம்மா முன்னாடியும் உட்காந்திருந்தியே கயலு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆதிலட்சுமி டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள். கயல்விழி உதவக் குனிந்தபோது அவள் கையை விலக்கினாள்.

"நீங்க படிச்சவங்க டீச்சர். நான் படிக்கல. அதனாலதான் நீங்க எழுதிக் குடுத்தத அப்படியே செஞ்சேன்."

"மன்னிச்சிடுங்கக்கா. தெருவுல எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

"சொல்லுங்க. சொல்லித்தான் ஆவணும்." பைகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். "நாளைக்கி நாலு மணிக்கி ஸ்கூல் வாசல்ல நிப்பேன். உங்களுக்காக இல்ல." இனியாவின் கன்னத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். கயல்விழி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இனியா பக்கத்தில் வந்து உரசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பிஸ்கட்டு தின்னா வலிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்ல ரெண்டு தின்னப்ப கொஞ்சமா. அப்பறம் நெறைய."

"ஏன்டா கண்ணு எங்கிட்ட சொல்லல? வேணாம்னு சொல்லியிருக்கலாமே. அவ்ளோ புடிச்சிருந்துச்சா பிஸ்கட்டு?"

இனியா தட்டிலிருந்து ஒரு முளையைக் கிள்ளி விரலில் சுற்றினாள். யோசித்துச் சொன்னாள்.

"பிஸ்கட்டு மொதல் நாளே போதும்னு ஆயிடுச்சும்மா. பிஸ்கட்டு செய்யறப்பதான் நீ பாடுவ. வேற எப்பவும் பாட மாட்ட."

கயல்விழியால் அழுகையை அடக்க முடியவில்லை. மகளின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை அசையாமல் இருந்தது. வெளியே யாரோ சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அம்மாவின் அணைப்பிலிருந்து தலையைத் தூக்காமலே இனியா கேட்டாள்.

"அப்ப இனிமே பாட மாட்டியாம்மா?"

கயல்விழி எழுந்து முகம் கழுவினாள். முளைத் தட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தாள். மத்தியானச் சோற்றுக்கு அரிசி களைந்து உலையில் போட்டாள். இனியா வழக்கம்போல் அடுப்படி வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். கயல்விழி அந்தப் பழைய பாட்டை எடுத்தாள், முதல் அடி சுருதியில்லாமல் கரகரத்தது, இரண்டாம் அடி மறந்தே போயிற்று. கயல்விழி திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.